நீ தினமும் போகும் சாலையின் பெயர்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கதைத்தபோது, "கிளைவ் சல்லிவன் வேயில் ஏறினால் வேலைக்கு இருபது நிமிடம்தான் அப்பா" என்று சொல்லிவிட்டு வாடகைக் கதைக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. அந்தப் பெயருக்குரியவர் யார் என்று உனக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அவர் ரக்பி லீக் ஆட்டக்காரர், அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி. 1943இல் வேல்ஸின் கார்டிஃப் நகரத்தில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் கால்களிலும் தோளிலும் பல அறுவைச் சிகிச்சைகள். ஒழுங்காக நடப்பதே சந்தேகம் என்றார்களாம். அந்தப் பிள்ளைதான் 1961இல் நீ இருக்கும் ஹல் நகரத்தின் ஹல் அணிக்கு, சொந்தப் பெயரைச் சொல்லாமல், சோதனை ஆட்டம் ஆட வந்து மூன்று ட்ரை போட்டது. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் அது ஒரு ட்ரை. அந்த அணிக்காக மொத்தம் 250 ட்ரை. இன்றுவரை அங்கே அதை யாரும் தாண்டவில்லை.

உன் ஊரில் ஆற்றுக்கு மேற்கே ஹல் அணி, கிழக்கே ஹல் கே.ஆர். என்கிற ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் அணி. இரண்டுக்கும் ஆகாது. சல்லிவன் பிறகு கிழக்கே போய் அங்கேயும் நூறு ட்ரைக்கு மேல் போட்டார். 1980இல் இந்த இரண்டு அணிகளும் வெம்ப்ளியில் சவால் கிண்ண இறுதிப் போட்டியில் மோதியபோது, 37 வயதில் கே.ஆர். பக்கம் நின்று வென்றார். இருந்தும் இரண்டு கரையும் அவரைத் தங்கள் ஆள் என்றே சொல்லும். 1985இல் புற்றுநோயில் போனபோது அவருக்கு 42 வயதுதான்.

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது 1972 உலகக் கிண்ணம். பிரிட்டன் அணிக்குச் சல்லிவன் கேப்டன். எந்த விளையாட்டானாலும் ஒரு பிரிட்டிஷ் தேசிய அணிக்குக் கேப்டனான முதல் கறுப்பினத்தவர் அவர்தான். பிரான்சின் லியோனில் ஆஸ்திரேலியாவுடன் இறுதிப் போட்டி. தன் பக்கத்திலேயே பந்தை வாங்கிய சல்லிவன், ஏறக்குறைய மைதானம் முழுக்க ஓடிப்போய் ட்ரை போட்டார். பிடிக்க யாராலும் முடியவில்லை. ஆட்டம் 10-10. கூடுதல் நேரத்திலும் மாறவில்லை. முந்தைய சுற்றுப் புள்ளிப் பட்டியலில் முன்னால் இருந்ததால் கிண்ணம் பிரிட்டனுக்கு. அதற்குப் பிறகு அவர்கள் அதை வென்றதே இல்லை.

அதே ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு ட்ரை போட்டவர்களில் ஒருவர் ஆர்தர் பீட்சன். அடுத்த வருடமே அவர் ஆஸ்திரேலியாவின் கேப்டன். நாங்கள் இருக்கும் இந்த ஆஸ்திரேலிய மண்ணின் பூர்வகுடி மக்களிலிருந்து, எந்த விளையாட்டிலும், தேசிய அணிக்கு வந்த முதல் கேப்டன். ஒரே மைதானத்தில் எதிரெதிரே நின்ற அந்த இருவரையும் நினைத்தால் எனக்கு இப்போதும் மெய் சிலிர்க்கிறது.

நான் இங்கே வந்து இறங்கியது 1986. அந்த செப்டம்பரில் நம் சிட்னி ரக்பி லீக் அணியான பரமட்டா, இன்னொரு சிட்னி அணியான கான்டர்பரியை 4-2 என்று வென்ற இறுதிப் போட்டியை, கூட வேலை செய்தவரின் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு ட்ரைகூட இல்லை. ரே பிரைஸ், மிக் க்ரோனின் இருவருக்கும் அதுதான் கடைசி ஆட்டம். ஒன்றும் விளங்காமலே கத்தினேன். பீட்சனைப் பற்றி முதலில் சொன்னதும் அந்த மனிதர்தான். 1980இல், 35 வயதில், பரமட்டாவின் இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டிருந்த பீட்சனை அழைத்துக் குயின்ஸ்லாந்துக்குக் கேப்டனாக்கினார்கள். குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜினின் முதல் ஆட்டத்தையே 20-10 என்று வென்று கொடுத்தார். அந்தக் கதையைச் சொல்லும்போது கூட வேலை செய்த அந்த மனிதருக்குக் கண் கலங்கியது. ஊர் புதிது, பாஷை புதிது. இந்த ஊர்க்காரர்கள் எதை மதிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

சரி, உன்னிடம் ஒரு காரியம் கேட்கிறேன். உன் ஆஸ்பத்திரி வார்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருப்பார்களே, அவர்களில் யாராவது சல்லிவன் ஓடியதை நேரில் பார்த்திருப்பார்கள். நேரம் கிடைக்கும்போது கேள். அவர்கள் சொல்வதைச் சுருக்காமல் அப்படியே எனக்கு எழுது.

அம்மா ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா