பிளைவீல் கழல மறுத்தால் சம்மட்டியை எடுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி 28இல் மேட்டூர் அணையை மூடி ஜூன் 12இல் திறப்பது என்ற வழக்கத்தை நம்பியே வேளாண்மை செய்யும் காவிரிப் படுகையில், டிராக்டரைப் பிரித்துப் பழுது பார்க்க வாய்ப்பது இடையிலுள்ள நாலரை மாதங்கள்தாம். அறுவடைக் கணக்கு, உளுந்து, பருத்தி, வீட்டு விசேஷங்கள் என்று அந்த மாதங்களும் ஓடிவிட, எங்களைப் போன்ற சிறு விவசாயிகள் பலர் மே மாதக் கடைசியில்தான் வண்டியின் பக்கம் திரும்புகிறோம். அப்போது பட்டறைகளில் இடம் கிடைப்பதில்லை என்பதால், வீட்டுக் கொட்டகையிலேயே கிளட்ச் மாற்றத் துணிகிறோம். அப்படித் துணிந்த ஒருவன் என்ற முறையில், சென்ற கோடையில் நான் பட்டதையும் தெரிந்துகொண்டதையும் தங்கள் நாளிதழ் வாயிலாக மற்ற விவசாயிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நானும் என் தம்பி மகனும் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் தனித்தனியே முட்டுக் கொடுத்து, வண்டியை இரண்டாகப் பிரித்து, பிரஷர் பிளேட்டையும் கிளட்ச் பிளேட்டையும் இறக்கும் வரை எந்தச் சிக்கலும் இல்லை. பிளேட்டின் தேய்மானப் பட்டை முழுவதும் கரைந்து, ரிவெட் தலைகள், எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனமான இரும்புச் சக்கரமான பிளைவீலின் முகத்தில் வட்ட வட்டமாகக் கோடு இழுத்திருந்தன. அதற்குப் பின்னால் ஆயில் சீலும் கசிந்துகொண்டிருந்ததால், பிளைவீலைக் கழற்றாமல் வேலை முடியாது என்றாகிவிட்டது. அதன் ஆறு போல்ட்டுகளையும் கழற்றிய பிறகும், சக்கரம் எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு ஒரே வார்ப்பாக வார்த்ததுபோல் அசையாமல் நின்றது.

அன்று முழுவதும் நாங்கள் செய்தவை அனைத்தும் தவறு. கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினோம்; விளிம்பில் சம்மட்டியால் அடித்தோம். பக்கத்துத் தெருவில் வெல்டிங் வேலை செய்பவர், கேஸ் வைத்துச் சூடேற்றினால் உடனே விட்டுவிடும் என்றார். அவர் சிலிண்டரை எடுத்து வருவதற்குள், அரசுப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் தாய்மாமாவைத் தொலைபேசியில் கேட்போம் என்று தோன்றியது. அந்த ஒரு யோசனைதான் எங்கள் எஞ்சினைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன்.

பிளைவீலைப் பிடித்து நிறுத்துவது போல்ட்டுகள் மட்டுமல்ல என்று மாமா விளக்கினார். அதன் நடுத்துளை கிராங்க் ஷாஃப்டின் முனையிலுள்ள மேட்டின்மீது இடைவெளியே இல்லாமல் பொருந்துகிறது. பல வண்டிகளில், சக்கரம் இடம் மாறாமல் நிறுத்தும் டவல் பின்கள் என்ற முளைகளும் உண்டு. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள் என்பதால், மயிரிழை இடைவெளியில் துரு ஏறினாலே ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். இதைச் சொல்லிவிட்டு, "சக்கரத்தின் முகத்தில் போல்ட் துளைகளைத் தவிர மரை போட்ட துளை வேறு ஏதாவது தெரிகிறதா, துடைத்துப் பார்" என்றார். கம்பித் தூரிகையால் சுரண்டிப் பார்த்தபோது, சேறும் துருவும் அடைத்துக் கிடந்த இரண்டு துளைகள் எதிரெதிரே தெரிந்தன. சக்கரத்தைக் கழற்றுவதற்கென்றே தயாரிப்பாளர்கள் வைத்த துளைகள் அவை என்பதை அறியாமல்தான், அவற்றுக்கு அருகிலேயே ஒரு நாள் முழுவதும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதன்பின் வேலை அமைதியாக நடந்தது. நடுமேட்டைச் சுற்றித் துருவுக்கான எண்ணெயை விட்டு இரவு முழுவதும் ஊறவைத்தோம். காலையில், பழைய போல்ட்டுகளில் இரண்டை எதிரெதிராக நான்கைந்து மரை அளவுக்கு மட்டும் திருப்பி வைத்தோம். யூரியா மூட்டையில் பாதிக்குக் குறையாத எடையுள்ள அந்தச் சக்கரம் திடீரென விட்டுவிட்டால், காலில் விழாமல் தாங்குவதற்காக அவை அவசியம். இதை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது. பிறகு அந்த இரண்டு துளைகளுக்கும் பொருத்தமான, தலைவரை மரையுள்ள போல்ட்டுகளை எடுத்து, கிராங்க் ஷாஃப்டின் முகத்தைக் கீறாதபடி அவற்றின் நுனியை அரத்தால் மழுக்கி, கையால் முடிந்தவரை திருப்பினோம். ஸ்பேனரில் இதற்குக் கால் சுற்று, அதற்குக் கால் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கியபோது, ஏழெட்டு முறைக்குள் ‘டக்’ என்ற ஓசையுடன் சக்கரம் விட்டது. ஒரு போல்ட்டை மட்டும் தொடர்ந்து முறுக்கினால் சக்கரம் சாய்ந்து மேலும் இறுகும் என்பதால், பொறுமையாக இரண்டையும் சமமாகக் கொண்டுபோவதுதான் இதில் முக்கியம்.

எல்லா வண்டிகளிலும் இந்தத் துளைகள் இருப்பதில்லை. இல்லாத வண்டியில், எண்ணெயில் ஊறவிட்ட பின், மரக்கட்டையை இடையில் வைத்து, விளிம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றி மெல்லத் தட்டி, சிறிது சிறிதாக நகர்த்துவதே வழி. பிளைவீல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு; ஓரிடத்தில் ஓங்கி அடித்தால் வளையாது, வெடிக்கும். அந்த அடியின் அதிர்ச்சி கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குகளுக்கும் போய்ச் சேரும். கேஸ் வைப்பதோ அதைவிடக் கெடுதல்: ஸ்டார்ட்டர் மோட்டார் கடிக்கும் ரிங் கியர், சூடேற்றி விரியவைத்துச் சக்கரத்தில் மாட்டப்பட்டது என்பதால், மீண்டும் சூடேற்றினால் அது நழுவக்கூடும், பின்னாலுள்ள ஆயில் சீல் கருகும், எண்ணெயும் டீசலும் ஊறிய இடத்தில் தீப்பற்றும் அபாயமும் இருக்கிறது.

கழற்றும் முன் சக்கரத்திலும் ஷாஃப்டிலும் பஞ்ச் உளியால் அடையாளம் இட்டுக்கொள்வது நல்லது. கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய பிளேட்டுகளில், நுரையீரலுக்குக் கெடுதலான கல்நார் இருக்கக்கூடும். மீண்டும் மாட்டும்போது பொருந்தும் முகங்களில் துருவோ மண்ணோ இல்லாமல் துடைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக, கையேட்டில் கண்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். எங்களிடம் அந்த ரெஞ்ச் இல்லாததால், மன்னார்குடியில் ஒரு பட்டறையில் ஒரு நாளைக்கு வாங்கி வந்தோம்.

ஆனால் துரு எப்படி ஏறியது என்பதைத்தான் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல டிராக்டர்களில் கிளட்ச் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு வடிகால் துளை இருக்கிறது. சேறடிக்க இறங்கும் முன் அதை அடைப்பானால் மூட வேண்டும். கரையேறியதும் கழற்றி, உள்ளே புகுந்த நீரையும் கசிந்த எண்ணெயையும் வடியவிட வேண்டும். சேற்றில் ஓட்டுவதற்கான கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி, அச்சு மூழ்கும் அளவுக்குத் தொளியில் நாள் கணக்கில் ஓடும் டெல்டா வண்டிகளுக்கு இதைவிட முக்கியமான பராமரிப்பு அதிகம் இல்லை. நான் வண்டியை இன்னொருவரிடமிருந்து வாங்கியவன். அதனுடன் வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அந்த அடைப்பான் எத்தனை பருவங்களாகக் கழற்றப்படாமல் கிடந்ததோ, நாங்கள் கழற்றியபோது செந்நிறச் சேற்று நீர் கொட்டியது. வரப்பில் திரும்பும்போதெல்லாம் கிளட்ச் பெடலில் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் பிளேட்டைத் தேய்த்தது என்றால், பிளைவீலை இறுகச் செய்தது இந்த மூடிய துளைதான்.

வேளாண் பொறியியல் துறையினருக்கும், டிராக்டர் மெக்கானிக் பிரிவு நடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும், குமுளூரிலுள்ள வேளாண் பொறியியல் கல்லூரிக்கும் தங்கள் நாளிதழ் மூலம் என் வேண்டுகோள் இதுதான். வாய்க்கால்கள் வறண்டு கிடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் ஒன்றியத் தலைமையிடங்களில், பழைய டிராக்டர் ஒன்றைப் பிரித்துக் காட்டி இரண்டு நாள் பயிற்சி அளியுங்கள். டிராக்டர் தயாரிப்பாளர்கள், வண்டியைக் கைமாறி வாங்கியவர்களுக்கும் கிடைக்கும்படி, அடைப்பான், பிளைவீல் துளைகள், போல்ட் முறுக்கு அளவு ஆகியவற்றைப் படத்துடன் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, உதிரிபாகக் கடைகளில் கிளட்ச் பிளேட்டுடன் சேர்த்துக் கொடுக்கலாம். தங்கள் நாளிதழின் வேளாண் பகுதியிலும், அணை திறப்பதற்கு முந்தைய வாரங்களில், இந்த வடிகால் துளையைப் பற்றிப் படத்துடன் ஒரு குறிப்பு வெளியிட்டால், குறுவைச் சேற்றில் இறங்கும் வண்டிகளுக்கு அது உரிய நேரத்தில் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.