ஒரு எம் குறைந்தது

பாம்பன்,
மே மாதம்

மாப்ள,

நலம். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா? உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, பதில் போட நேரமில்லை. இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-இல் கட்டிப்போட்ட விசைப்படகு ஜூன் 14 வரை அசையாது. எனக்கு மட்டும் வேலை கூடிவிட்டது. படகுகளுக்குப் பேர் எழுதுகிறேன், நடுவில் விடுதிப் பலகைகளும் வருகின்றன.

அதில்தான் மானம் போனது. ராமேசுவரத்தில் ஒரு விடுதிக்கு 'அக்காமடேஷன்' என்று இங்கிலீஷில் எழுதினேன். அளந்து கோடு போட்டு, நீலம் நிரப்பி, ஏணியை விட்டு இறங்கிப் பார்த்தால் 13 எழுத்தில் 12தான் இருக்கிறது. சி-யை ஞாபகமாக இரண்டு போட்டவன் எம்-மை ஒன்றோடு விட்டுவிட்டேன். முதலாளி கவனிக்கவில்லை. ஏழாவது படிக்கிற அவர் மகள் பார்த்துச் சிரித்துவிட்டாள். பஸ் சீட்டில் மூன்றாவது ஆளை நெருக்கி உட்காரவைப்பதுபோல ஒல்லியாக இன்னொரு எம்-மைச் செருகினேன். பலகையில் இப்போது அது மட்டும்தான் கண்ணில் படுகிறது.

ராத்திரி படுத்தபடி யோசித்தேன். தமிழில் எழுத்து இரட்டித்தால் காதே சொல்லிவிடும். புளியையும் புள்ளியையும் யாராவது மாற்றி எழுதுவார்களா? இங்கிலீஷில் இரட்டை எழுத்து வாயே திறப்பதில்லை. காதை நம்பி எழுதுகிறவன் அங்கே மாட்டிக்கொள்கிறான். கரை, கறையில் நம் பிள்ளைகள் தடுமாறுவதும் இதே கதைதான்.

போன வருஷம் வலை பறிபோனவர்களுக்காக இங்கிலீஷில் ஒரு மனு அடித்துக் கொடுத்தேன். 'வலையை இழக்கிறோம்' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஓ கூடிப்போய், 'வலையை அவிழ்த்துவிடுகிறோம்' என்றாகிவிட்டது. ஒரு ஓ உள்ள சொல் கடைசியில் வண்டு மாதிரி இரையும். அந்த ஒலிக்கு நம்மிடம் எழுத்தில்லை, நமக்கு இரண்டுமே லூஸ்தான். கம்ப்யூட்டரும் சிவப்புக் கோடு போடவில்லை. இரண்டும் நல்ல சொல்லாயிற்றே!

நீ விட்டுப்போன பெரிய அகராதியை இப்போதுதான் புரட்டுகிறேன். ஸ்டேஷனரியில் ஏ வந்தால் அசையாமல் நிற்பது, ஈ வந்தால் காகிதம், பேனா. கவருக்கு என்வலப் என்கிறார்களே, அது ஈ-யில்தானே தொடங்குகிறது; அதை வைத்து ஞாபகம் வைத்துக்கொண்டேன். ஏ எழுத்துக்கு எங்கள் தடைக்காலப் படகுகள் இருக்கின்றன. ஆனால் மூலம் ஒன்றுதானாம். தெருத் தெருவாகச் சுற்றாமல் ஒரே இடத்தில் கடை போட்ட புத்தக வியாபாரிக்கு வந்த பேர் அது.

அப்புறம், தீவுக்குச் சொல்லும் ஐலண்ட். வாயில் வராத எஸ் அதில் எதற்கு என்று அந்த முதலாளி மகள் கேட்டாள். பழைய இங்கிலீஷில் அது கிடையாது. ஐல் என்று வேறொரு சொல் உண்டு, லத்தீன் இன்சுலாவிலிருந்து வந்தது. அதைப் பார்த்து, சம்பந்தமே இல்லாத இதற்குள்ளும் எஸ்-ஐச் சொருகிவிட்டார்கள். படித்தவன் செய்த பிழை அகராதியில் ஏறிவிட்டது, பெயிண்டர் செய்தால் சிரிக்கிறார்கள்!

நம் கட்டுமரத்தை எடுத்துப்போனவர்கள் அதிலிருந்த 'ட்ட'வை ஒற்றை டி ஆக்கிவிட்டார்கள். ம் தேய்ந்து கடைசியில் 'என்' எழுத்து நிற்கிறது. இப்போது அங்கே கேட்டமரான் என்றால் இரட்டை உடல் படகாம். மிச்சம் பிடித்த அந்த ஒரு எழுத்தை என் பலகைக்குக் கொடுத்திருக்கலாம்.

ஜூன் கடைசியில் வா. புது ரயில் பாலத்தில் ஒரு பகுதியை மேலே தூக்குவதை நீ இன்னும் பார்க்கவில்லையே. விடுதியில் தங்க வேண்டாம், வீட்டுக்கு வா.

உன்
பாம்பன் பெயிண்டர்