பென்சிலால் வரைந்த பிளாஸ்ட்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் 2 முடித்தவர்கள் அடுத்து என்ன படிக்கலாம் என்று உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலங்கியல், தாவரவியல் படிப்பவர்களும் உயிர்த்தகவலியல் (மரபணு, புரத வரிசைகளைக் கணினியில் ஆராயும் துறை) பக்கம் போகலாம், வாய்ப்பு நிறைய என்று இரண்டு வரி இருந்தது. நான் சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவி. அந்தப் பக்கம் போகிற வழி எப்படி இருக்கிறது என்று சொல்லத் தோன்றியது.

எங்களுக்கு அது ஒரு விருப்பப் பாடம். இந்த வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் தரவுத்தளங்களின் பெயர்கள், அவை தொடங்கிய ஆண்டுகள், பிளாஸ்ட் (ஒரு வரிசையைக் கொடுத்தால் அதைப் போன்ற வரிசைகளைத் தரவுத்தளத்தில் தேடித்தரும் கருவி) என்பதன் விரிவாக்கம் எல்லாம் மனப்பாடம். செய்முறையும் உண்டு. ஆனால் கணினி ஆய்வகம் கணினி அறிவியல் துறைக்கே போதவில்லை. எங்களுக்கு அந்த செமஸ்டரில் இரண்டே முறைதான் கிடைத்தது. அதிலும் ஒரு நாள் இணையம் இல்லை. அதனால் சீனியர் அக்காவின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து, பிளாஸ்ட் முடிவு வரும் திரையை ஸ்கேல் வைத்துப் பென்சிலால் வரைந்தேன். சிவப்புக் கோடுகளுக்கு ஸ்கெட்ச் பேனா. கையெழுத்தும் வாங்கிவிட்டேன்! மேடத்தைக் குறை சொல்ல மாட்டேன். அவர் படித்த காலத்தில் அவருக்கே இந்தப் பாடம் கிடையாது.

அப்புறம் விடுமுறையில், அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய மடிக்கணினியில் நானே உட்கார்ந்து பார்த்தேன். அரிவாள் செல் சோகை எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6ஆவது அமினோ அமிலமாகக் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும், அதற்குப் பதில் வேலின் வந்துவிடுகிறது. அந்தப் புரதத்தின் வரிசையை, ஓர் அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்தாக, தரவுத்தளத்திலிருந்து எடுத்து விரலால் எண்ணினேன். 6ஆவது இடத்தில் புரோலின் இருக்கிறது. திரும்ப எண்ணினேன், அதே புரோலின். புத்தகம் தப்பா, தரவுத்தளம் தப்பா என்று அன்று இரவு தூக்கமே இல்லை. மறுநாள்தான் புரிந்தது. தரவுத்தளத்தில் இருக்கும் 147 அமினோ அமிலங்களில் முதலாவது மெத்தியோனின். புரதம் தயாராகும்போது செல் அதை வெட்டி எறிந்துவிடும். புத்தகம் அதைக் கழித்துவிட்டு எண்ணுகிறது, தரவுத்தளம் சேர்த்து எண்ணுகிறது. மூன்று வருடம் படித்த மூலக்கூறு உயிரியலில் இந்த ஒரு நாள் கற்றது மட்டும் எனக்கு மறக்காது.

அதே வரிசையை பிளாஸ்ட்டில் போட்டுப் பார்த்தேன். சிம்பன்ஸிக்கு அப்படியே பொருந்துகிறது, கோழிக்கு ஆங்காங்கே மாறுகிறது. பக்கத்தில் இ-மதிப்பு என்று ஓர் எண். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பிளஸ் 2வில் நான் பியூர் சயின்ஸ் குரூப். கணக்கு பத்தாம் வகுப்போடு முடிந்தது. முழு வரிசைக்குப் பதில் பத்து எழுத்து மட்டும் கொடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. துண்டு சின்னதாக இருந்தால் தற்செயலாகவே எங்கெங்கோ பொருந்தும், அந்த எண்ணும் ஏறும். எண் சின்னதானால் பொருத்தத்தை நம்பலாம். நிகழ்தகவைத் தவிர இதில் வேறு சூட்சுமம் இல்லை. அதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தனியார் பயிற்சி மையம் ஒன்றில் விசாரித்தேன், 15,000 ரூபாய் கேட்டார்கள். சேராமலே வந்துவிட்டேன்.

அப்பா காசிமேட்டில் மீன் விற்கிறார். ஒரு குறிப்பிட்ட மரபணுவிலிருந்து சுமார் 650 எழுத்து டிஎன்ஏ இருந்தால் எந்த மீன் என்று சொல்லிவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். "தலையைப் பார்த்தா தெரியாதா? இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டர்?" என்றார். "துண்டு போட்டு வஞ்சிரம்னு வித்தா?" என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. இப்போது மார்க்கெட்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. மரபணு வரிசைகளும் புரத அமைப்புகளும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாகக் கிடைக்கின்றன. பிரவுசர் திறக்கிற கணினியும் இணையமும் இருந்தால் இளநிலை அளவுக்குப் போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரன் குழுவினர் 1963இல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் வரைபடத்தை வைத்துத்தான் ஒரு புரத அமைப்பு சரியா என்று இன்றும் உலகம் முழுக்கச் சோதிக்கிறார்கள். நான் படிக்கிற ஊரிலேயே பிறந்த வரைபடம். எங்கள் நோட்டில் அது இரண்டு மார்க் கேள்வி.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு கோரிக்கை. முதலாம் ஆண்டிலேயே உயிரியல் துறைகளுக்குப் புள்ளியியல் வையுங்கள், பியூர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு அடிப்படையிலிருந்து. வாரத்தில் ஒரு மதியம் கணினி ஆய்வகத்தை எங்களுக்கு ஒதுக்குங்கள். செய்முறைத் தேர்வில் விரிவாக்கம் கேட்க வேண்டாம். ஒரு வரிசையைக் கையில் கொடுத்து, இது எந்த உயிரினம், எப்படிச் சொல்கிறாய் என்று கேளுங்கள். ரெக்கார்டு நோட்டில் வரைகிற வேலை எனக்கு முடிந்துவிட்டது. என் ஜூனியர்கள் இந்த மாதம்தான் ஸ்கெட்ச் பேனா வாங்கியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
விலங்கியல் மாணவி,
ராயபுரம், சென்னை.