இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்: டால்பின் காட்டும் படகோட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

டால்பின் காட்டக் கடலுக்குள் ஆட்களை ஏற்றிப்போகும் படகோட்டிகளுக்கு வணக்கம்.

உங்கள் படகில் காசு கொடுத்து ஏறியவன் நான். அதனால் அன்று நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. தூரத்தில் ஒரு முதுகுத் துடுப்பு தெரிந்ததுமே "அதோ, அதோ" என்று எல்லோரும் எழுந்து நின்றோம். மூன்று படகுகள் மூன்று பக்கமிருந்து விரைந்தன. நடுவில் ஒரு தாயும் குட்டியும். புட்டிமூக்கு டால்பின்கள். குட்டியின் விலாவில் மேலிருந்து கீழாக வெளிர் கோடுகள் இருந்தன. தாயின் வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்ததன் தடம் அது. பிறந்து அதிக நாள் ஆகவில்லை என்று அர்த்தம். தாய் முங்கியது, குட்டியும் முங்கியது. குட்டியால் தாய் அளவுக்கு மூச்சுப் பிடிக்க முடியாது. அதுதான் முதலில் மேலே வந்தது. நாங்கள் கைதட்டினோம், படகு அந்தப் பக்கம் திரும்பியது. அரை மணி நேரம் இப்படியே.

அந்தக் குட்டியைத் தாய் பன்னிரண்டு மாதம் சுமந்திருக்கும். அடுத்த குட்டிக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வருடம் ஆகும். பால்குடி இரண்டு வருடத்தையும் தாண்டிப் போவதுண்டு. பால் குடிப்பதும் நீருக்கடியில்தான், ஒவ்வொரு முறையும் சில விநாடிகள். அந்தச் சில விநாடிக்குத் தாய் நிதானமாக நீந்த வேண்டும். படகு துரத்தினால் எங்கே நிதானம்?

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். டால்பினுக்கு மூச்சு நம்மைப் போலத் தானாக நடப்பதில்லை. நினைவோடு மேலே வந்து இழுக்க வேண்டும். அதனால் மூளையின் ஒரு பாதி தூங்கும்போது மறு பாதி விழித்திருக்கும். ஓய்வெடுக்கும் கூட்டம் நெருக்கமாக, மெதுவாக, ஏறக்குறைய ஒன்றாகவே மேலே வந்து மூச்சு விடும். துள்ளல் இருக்காது. "இதுங்க சும்மா இருக்கு, கிட்டப் போனா குதிக்கும்" என்று இன்ஜினை முறுக்குவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். அவை சும்மா இல்லை, தூங்குகின்றன.

அப்புறம் சத்தம். ஒவ்வொரு புட்டிமூக்கு டால்பினுக்கும் தனக்கென்று ஒரு விசில் உண்டு. ஏறக்குறைய நம் பெயர் மாதிரி. குட்டி சின்ன வயதிலேயே தன் விசிலை உருவாக்கிக்கொள்ளும். வேறு யாராவது அதே விசிலைத் திருப்பி ஒலித்தால் பதில் கொடுக்கும். குட்டி பக்கத்தில் இருக்கும்போது தாய் தன் விசிலின் சுருதியை உயர்த்துகிறது என்று அமெரிக்காவின் சரசோட்டா விரிகுடாவில் 19 தாய்களின் பதிவுகளை வைத்து 2023இல் காட்டினார்கள். நாம் பிள்ளையிடம் குரலை மாற்றிப் பேசுவதில்லையா, அதேதான். கலங்கிய நீரில் பிரிந்துபோன குட்டிக்குத் தாயிடம் திரும்ப அந்த விசில்தான் வழி. நம் இன்ஜின் இரைச்சல் அதன் மேல்தான் விழுகிறது.

"கொஞ்ச நேரம்தானே, என்ன ஆகிவிடும்?" என்று கேட்பீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் பல வருடம் எண்ணிப் பார்த்தார்கள். சுற்றுலாப் படகு நிறுவனம் ஒன்றாக இருந்தது இரண்டானபோது, அந்தப் பகுதியில் டால்பின்களின் எண்ணிக்கையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்தது. 2006இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு அரசு ஓர் உரிமத்தைக் குறைத்தது. அந்தப் படகுகளில் போனவர்கள் வலை வீசவில்லை, அடிக்கவில்லை. பார்க்கத்தான் போனார்கள்.

தொழிலை விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. டால்பினைத் தொட்டிக்குள் அடைத்துக் காட்டுவதைவிடக் கடலில் போய்ப் பார்ப்பது எவ்வளவோ மேல். ஆனால் நேராக முட்டிக்கொண்டு போகாதீர்கள். தள்ளி, பக்கவாட்டில், மெதுவாகப் போங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு படகு போதும். குட்டி தெரிந்தால் திரும்பிவிடுங்கள். மீன் எறிந்து பழக்காதீர்கள்; படகை நம்பி வரும் டால்பின் இன்னொரு நாள் புரொப்பல்லரில் அடிபடும்.

உங்களில் ஒருவர் இதை ஏற்கெனவே செய்கிறார். இன்னொரு நாள் அவர் படகில் போனேன். கூட்டத்தைப் பார்த்ததும் வெகு தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, "பேசாம உக்காருங்க" என்றார். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. சிலர் முணுமுணுத்தார்கள். பிறகு இடப்பக்கம் "புஃப்" என்று மூச்சு விடும் சத்தம். இரண்டு டால்பின்கள் தாமாகவே வந்து, ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டே படகின் அடியில் போயிற்று. படகில் யாரும் கைதட்டவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

பயணிகள் கத்துவார்கள், காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கிளம்பும் முன்பே கரையில் வைத்து இதையெல்லாம் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை நான் உங்கள் படகில் இருக்கும்போது யாராவது "இன்னும் கிட்டப் போங்க" என்றால், அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.