என் சித்தியின் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் குழந்தைக்குப் பெயர் தேர்ந்தெடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பட்டியல் நன்றாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், சாதித்தவர் ஒருவரின் பெயரையோ நாம் இழந்த அன்பான ஒருவரின் பெயரையோ வைத்தால் குழந்தை அவர் குணத்தோடு வளரும் என்று போகிற போக்கில் ஒரு வரி வந்ததே, அதைப் படித்ததிலிருந்து மனசு ஒரு மாதிரியாக இருக்கிறது. இறந்துபோன ஒருவரின் பெயரோடு 63 வருடம் வாழ்ந்துவிட்டேன். 31 வருடம் பள்ளியில் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றவர்கள் வைத்த பெயர்களைத் தினமும் கூப்பிட்டும் இருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

என் பெயர் என் சித்தியுடையது. அம்மாவின் தங்கை. 19 வயதில் காய்ச்சலில் போய்விட்டார். அதற்கு இரண்டு வருடம் கழித்து நான் பிறந்தேன், பெண் என்று தெரிந்ததும் யாரும் யோசிக்கவே இல்லையாம், அந்தப் பெயர் தயாராகக் காத்திருந்தது. பாட்டி மட்டும் கடைசி வரைக்கும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பாப்பா', 'ஏய் குட்டி', கோபம் வந்தால் 'அடியே', அவ்வளவுதான். அந்தப் பெயரைச் சொல்லி என்னைத் திட்டினால் அது அவளைத் திட்டுவதுபோல ஆகிவிடும் என்று ஒருமுறை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. எனக்கு அப்போது ஏழு வயதோ எட்டு வயதோ. சரி, அப்படியானால் என்னைத் திட்டும்போது நான் யார், கொஞ்சும்போது நான் யார் என்று ஒரு குழப்பம் அன்றைக்குப் பிடித்தது, அது விடுவதற்கு ரொம்ப வருடம் ஆயிற்று.

சித்தி நன்றாகப் பாடுவாராம். எனவே என்னையும் பாட்டு வகுப்பில் சேர்த்தார்கள். ஆறு வருடம். என் தொண்டையில் சுருதி என்ற ஒன்று கிடையவே கிடையாது என்பது முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். ஆனாலும் நிறுத்தவில்லை, ஏனென்றால் அந்தப் பெயருள்ள பெண் பாடியாக வேண்டும்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஓவியர் வின்சென்ட் வான் கோ 1853 மார்ச் 30ஆம் தேதி பிறந்தார். சரியாக ஒரு வருடம் முன்னால், அதே மார்ச் 30இல், அவருடைய அண்ணன் இறந்தே பிறந்திருந்தான். அந்தக் குழந்தைக்கும் வின்சென்ட் என்றுதான் பெயர். அப்பா பாதிரியார். அவர் பிரசங்கம் செய்த தேவாலயத்தை ஒட்டியே அந்தச் சின்னக் கல்லறை, அதில் தன் பெயரே பொறித்திருப்பதைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த பிள்ளை அவர். இன்னொரு ஓவியர் சால்வடோர் டாலி. 1904இல் பிறந்தார், அதற்கு ஒன்பது மாதம் முன்பு இறந்துபோன அண்ணன் பெயரும் சால்வடோர்தான். தனக்கு ஐந்து வயதானபோது பெற்றோர் கல்லறைக்குக் கூட்டிப்போய், செத்துப்போன அண்ணன்தான் நீயாகத் திரும்பி வந்திருக்கிறாய் என்று சொன்னதாக டாலியே பிற்பாடு சொல்லியிருக்கிறார். எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்கிற ஆள், அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் 60 வயதை நெருங்கும்போது, 1963இல், அந்த அண்ணனை ஓவியமாக வரைந்திருக்கிறார் என்றால் அது மனசை விட்டுப் போகவில்லை என்றுதானே அர்த்தம்?

வான் கோ விஷயத்தில் எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. 1890 ஜனவரியில் தம்பி தியோவுக்கு மகன் பிறந்தான், தம்பி அண்ணன் மேல் இருந்த பாசத்தில் வின்சென்ட் என்றே பெயர் வைத்துவிட்டார். அண்ணன் அதைக் கேட்டுத் துள்ளிக் குதிக்கவில்லை. என் பெயரைவிட அப்பாவின் பெயரை வைத்திருக்கலாம் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். எழுதிவிட்டு, நீல வானத்தில் வெள்ளை வெள்ளையாகப் பாதாம் பூக்கள் மலர்ந்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தை அந்தக் குழந்தைக்காகவே வரைந்தார். அந்த ஜூலையில் பெரியப்பா வான் கோ இறந்தார், ஆறு மாதத்தில் அப்பா தியோவும் இறந்தார், பையனுக்கு ஒரு வயது கூட நிரம்பவில்லை. அவன் ஓவியன் ஆகவில்லை, பொறியாளர் ஆனான். பிறகு தன்னிடம் வந்து சேர்ந்த படங்களையெல்லாம் காப்பாற்றி, 1973இல் ஆம்ஸ்டர்டாமில் அருங்காட்சியகம் திறக்கக் காரணமாக இருந்ததும் அவர்தான். அதே பெயரோடு வேறு ஆளாக இருக்க அவரை விட்டார்கள் பாருங்கள், அது.

இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கெட்ட பெயர் வைத்தால் தடுப்பதற்கு ஆள் இருக்கிறது. ஜப்பானில் 1993இல் ஒரு அப்பா மகனுக்கு 'அகுமா' என்று, அதாவது பிசாசு என்று, பெயர் வைக்கப் போய் அதிகாரிகள் மறுத்து அது வழக்காகி நாடு முழுக்கப் பேச்சானது. பிசாசு என்றால் எல்லோரும் ஓடி வருகிறோம். நல்ல பெயர் வைத்து அந்தப் பிள்ளை தலையில் ஒரு முழு மனிதரையே தூக்கி வைத்தால் யாரும் கேட்பதில்லை.

வகுப்பில் பார்த்த வரையில் பெயர்கள் அலை அலையாகத்தான் வரும். பதிவேட்டைப் பார்த்தாலே அந்தப் பிள்ளைகள் பிறந்த வருடம் எந்தப் படம் ஓடியது, யார் கோப்பை ஜெயித்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஒரே பெயரில் நான்கு பேர், முதலெழுத்தை வைத்துத்தான் பிரித்துக் கூப்பிட வேண்டும், ஒருவனைக் கூப்பிட்டால் நான்கு தலை திரும்பும். அதில் ஒன்றும் தப்பில்லை, நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்வதால் யாருக்கும் பாரமில்லை. எனக்குப் பயம், கதை முடிவதற்குள் பெயர் வைப்பவர்களை நினைத்துத்தான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் வரும் 'கலீசி' என்பது பெயர்கூட இல்லை, கதைக்காக உண்டாக்கிய ஒரு மொழியில் அரசி என்று அர்த்தம். அமெரிக்காவில் 2018இல் மட்டும் 560 பெண் குழந்தைகளுக்கு அதைப் பெயராக வைத்தார்கள். அடுத்த வருடமே கடைசிப் பகுதி வந்தது, சரணடைந்த ஊரையே அந்த அரசி எரித்துச் சாம்பலாக்கினாள். தொட்டிலில் படுத்திருக்கும் குழந்தைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? உயிரோடு இருக்கும் தலைவர், நடிகர், விளையாட்டு வீரர் பெயரை வைப்பதும் இப்படித்தான், இடைவேளையிலேயே எழுந்து கைதட்டுவது.

முன்கூட்டியே யோசித்தாலும் எல்லாவற்றையும் தடுக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அலெக்சா என்று அழகாகப் பெயர் வைத்த பெற்றோருக்கு, 2014இல் அந்தப் பெயரைச் சொன்னால் பதில் சொல்லும் ஒரு பெட்டி கடைக்கு வரும் என்று யார் சொல்லியிருக்க முடியும்? அந்தப் பிள்ளைகளைப் பார்த்து மற்ற பிள்ளைகள் 'விளக்கைப் போடு', 'பாட்டுப் போடு' என்று உத்தரவு போட்டுச் சிரிக்கிறார்களாம். அதே சமயம், காலம் போனால் ஒட்டியிருந்ததெல்லாம் உதிர்ந்தும் விடுகிறது. வனெசா என்ற பெயரை, 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் 300 வருடத்துக்கு முன் தனக்கு வேண்டிய ஒரு பெண்ணுக்காக, அவள் பெயரின் துண்டுகளை ஒட்டவைத்துச் செய்தார். இன்றைக்கு எத்தனையோ வனெசாக்கள், யாருக்காவது ஸ்விஃப்டின் நினைப்பு வருமா? தேய்ந்து தேய்ந்து அவரவர் பெயராகிவிட்டது. ஆனால் அதற்குத் தலைமுறைகள் ஆகும், முதல் ஆள்தான் மாட்டிக்கொள்வார்.

பூனை நாய்க்கு வைப்பது வேறு விஷயம், அங்கே எனக்கு எதிர்ப்பே இல்லை. விண்வெளிக்குப் போன லைக்கா, மாஸ்கோ தெருவில் திரிந்த நாய், 'குரைப்பவள்' என்றுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம், பார்த்ததைச் சொன்னார்கள், முடிந்தது. 1996இல் பிறந்த படியாக்க (குளோனிங்) ஆட்டுக்கு டாலி என்று பெயர் வந்தது, மடியிலிருந்து எடுத்த செல்லில் உருவானதால், பெரிய மார்பகத்துக்காகவும் பேசப்பட்ட அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டனை நினைத்து விஞ்ஞானிகள் அடித்த ஜோக். கொஞ்சம் மட்டமான ஜோக்தான், ஆனால் ஆடு கண்டுகொள்ளவில்லை. என்னிடம் படித்த ஒரு பெண் 'எங்கள் வீட்டுப் பூனைக்குப் பாட்டியின் பெயர்' என்று வகுப்பில் சொன்னபோது, மரியாதை தெரியாத வீடு போலிருக்கிறது என்று எனக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் தெரிந்தது, கேட்டதே அந்தப் பாட்டியாம். 'பிறக்கப்போகிற குழந்தைக்கு என் பேரை வைத்தால் திட்டக்கூட மாட்டீர்கள், பயந்து பயந்து கூப்பிடுவீர்கள், பூனைக்கு வைத்தால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வீடு முழுக்கக் கேட்கும்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்பார்கள், அவர் பேர் சொல்ல ஒரு பூனை போதும் என்றுவிட்டார். என் பாட்டியும் அந்தப் பாட்டியும் ஒருமுறை சந்தித்துப் பேசியிருக்கலாம்.

கதைக்குள் வைக்கும் பெயரிலும் நான் அடிபட்டிருக்கிறேன். சிறுபத்திரிகைகளில் எப்போதாவது கதை எழுதுவேன். ஒரு கதையில் மகா கஞ்சனாக ஒரு மனிதர், அது எங்கள் தூரத்து உறவினர் ஒருவரை அச்சு அசலாக வைத்து எழுதியது. ஜாடை தெரியக்கூடாது என்று பெயரை மட்டும் மாற்றி, வாய்க்கு வந்த ஒரு பெயரைப் போட்டேன். அது எங்கள் மாமாவின் பெயர் என்று அச்சில் பார்க்கும் வரை உறைக்கவே இல்லை. தாராளமான மனிதர், கதைக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. நிஜக் கஞ்சனோ கதையைப் படித்துவிட்டு, இப்படியும் ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று என்னிடமே வருத்தப்பட்டார்! தன்னை உரித்து வைத்தாலும் மனிதன் பொறுத்துக்கொள்வான், பெயரைத் தொட்டால் விட மாட்டான் போலிருக்கிறது.

பெரிய அளவில் இது நடந்தது ஆங்கில எழுத்தாளர் ஏ. ஏ. மில்ன் வீட்டில். கரடிப் பொம்மைக் கதைகளில் வரும் பையனுக்குத் தன் மகன் கிறிஸ்டோபர் ராபினின் பெயரையே வைத்தார். கரடியின் பெயர் வின்னி, அது லண்டன் மிருகக்காட்சிசாலையில் இருந்த கரடியுடையது, அந்தக் கரடிக்கோ கனடாவின் வின்னிபெக் நகரத்தின் பெயரைச் சுருக்கி வைத்திருந்தார்கள். 1926இல் புத்தகம் வந்தது. கரடிக்கும் ஒன்றும் ஆகவில்லை, நகரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. பையன்தான் விடுதிப் பள்ளியில் கேலிக்கு ஆளானான். என் பெயரை எடுத்துக்கொண்டு வெறும் புகழை எனக்கு விட்டுவிட்டார் அப்பா என்ற கசப்பு தனக்கு இருந்ததை, 50 வயதைத் தாண்டிய பிறகு அவரே தன் நினைவுகளில் எழுதினார். புத்தகக் கடை நடத்திக்கொண்டிருந்தவர், அங்கேயும் வருகிறவர்கள் அந்தக் குட்டிப் பையனைத்தான் தேடியிருப்பார்கள்.

அப்படியானால் யார் பெயரையும் வைக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தான் பேரன் என்ற சொல்லே வந்தது, நம் மொழியே அதை உறவுமுறையாக்கி வைத்திருக்கிறது. யூதர்களில் ஒரு பிரிவினர் உயிரோடு இருக்கும் உறவினர் பெயரை வைக்கவே மாட்டார்கள், இன்னொரு பிரிவினர் தாத்தா பாட்டி கண்ணெதிரே இருக்கும்போதே வைத்து அவர்களைச் சந்தோஷப்படுத்துவார்கள். ஒரே சமயத்துக்குள்ளேயே இரண்டு முடிவு. நான் தீர்ப்புச் சொல்ல யார்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். யார் பெயரை வைத்தாலும் அந்த ஆளைப் பற்றிப் பிள்ளைக்கு முழுசாகச் சொல்லுங்கள். நல்லதை மட்டும் பொறுக்கிச் சொல்லாதீர்கள். அவருக்கு என்ன பிடிக்காது, எதில் தோற்றார், யாரோடு சண்டை போட்டார், எல்லாம்.

எனக்கு அது தெரிந்தது 41 வயதில். பாட்டி போன பிறகு பீரோவைக் காலி செய்தபோது சித்தியின் பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. கணக்கு நோட்டு, கணக்கில் பாதி தப்பு. கடைசிப் பக்கத்தில் சிநேகிதிக்கு எழுதிக் கொடுக்காமல் விட்ட ஒரு கடிதம். பாட்டுச் சொல்லித்தர ஆள் வரும் நாளெல்லாம் வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வதாகவும், அம்மா இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றும், தெரிந்தால் தொலைத்துவிடுவாள் என்றும் எழுதியிருந்தார். பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்து அப்படிச் சிரித்தேன், அம்மா பயந்துபோய் ஓடி வந்தார். நானும் அதே வயிற்று வலியைத்தான் ஆறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அந்த மனுஷியை எனக்குப் பிடித்துப்போனது. இதை யாராவது பத்து வயதில் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இதைப் பிரசுரிப்பதாக இருந்தால் தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம். அம்மாவுக்கு இப்போது 88 வயது, உங்கள் பத்திரிகையை வரி விடாமல் படிக்கிறார். அந்த வயிற்று வலி விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்