ஹாரன் இருக்கட்டும், முதலில் லாரி திரும்பட்டும்

ரிமோட் லாரி கிட் தயாரிக்கும் நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவினருக்கு,

வணக்கம்.

உங்கள் 1/14 அளவு மூன்று அச்சு லாரி சரியாகத் திரும்பவில்லை என்று நான் எழுதிய கடிதத்துக்கு ஒற்றை வரியில் பதில் அனுப்பியிருந்தீர்கள்: டிரான்ஸ்மிட்டரில் எண்டு பாயிண்டைக் கூட்டி வைக்கவும். சக்கரம் எவ்வளவு திரும்பலாம் என்ற எல்லை அது. கூட்டி வைத்தேன். முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கம்பியான டை ராட் போய் ஸ்பிரிங்கின் யு போல்ட்டில் முட்டி நின்றது. சக்கரத்தைத் திருப்பும் மோட்டாரான சர்வோ நிற்கவில்லை, உறுமிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் கருகிய வாசனை வந்தது. அந்த சர்வோ இப்போதும் மேசை மேல் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

சர்வோ போனால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். என் குறை முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் துண்டான நக்கிளைப் பற்றியது. போன கடிதத்திலும் அதைத்தான் கேட்டிருந்தேன்.

லாரியைச் சார்ட் காகிதத்தின் மேல் நிறுத்தி, முன்சக்கரம் சுற்றித் திரும்பும் ஆணியான கிங் பின்னிலிருந்து டை ராட் முனை வழியாகப் பின்பக்கம் பென்சிலால் இரண்டு பக்கமும் கோடு இழுத்தேன். அந்த இரண்டு கோடும் பின் அச்சுகள் இரண்டுக்கும் நடுவே சந்தித்தால்தான் திருப்பத்தில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் திரும்பும், டயர் சறுக்காது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சந்திக்கவில்லை. தண்டவாளம் போல நேராகப் போய்க் காகிதத்தை விட்டே வெளியேறிவிட்டன. 1818-இல் குதிரை வண்டிக்காக ஆக்கர்மான் காப்புரிமை வாங்கிய சங்கதி இது. யோசனைகூட அவருடையதல்ல, மியூனிக்கில் வண்டி கட்டிக்கொண்டிருந்த லாங்கென்ஸ்பெர்கருடையது. குதிரை வண்டிக்குக் கிடைத்த மரியாதை உங்கள் லாரிக்குக் கிடைக்கவில்லை.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கிங் பின்களுக்கு நடுவே 120 மி.மீ., முன் அச்சிலிருந்து பின் அச்சுகளின் நடுப்புள்ளி வரை 280 மி.மீ. உள்சக்கரம் 25 டிகிரி திரும்பினால் வெளிச்சக்கரம் 21 டிகிரிதான் திரும்ப வேண்டும். உள்சக்கரம் 40 என்றால் வெளியே 32-க்கும் கொஞ்சம் குறைவு. உங்கள் லாரியிலோ இரண்டும் எப்போதும் ஒரே கோணம். அதாவது 25-இல் 4 டிகிரிக்குள் இருக்கும் பிழை, 40-இல் 8 டிகிரியைத் தாண்டுகிறது. எண்டு பாயிண்டைக் கூட்டச் சொன்னவர் இதை ஒரு நிமிடம் யோசித்திருந்தால் என் சர்வோ பிழைத்திருக்கும். திருப்பத்தைக் கூட்டினால் பிழையும் சேர்ந்தே கூடுகிறது, ஐயா.

இதனால் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். ட்ரெய்லரை மாட்டிப் பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். அட்டைப் பெட்டியில் நான் செய்த லோடிங் மேடைக்கு லாரியை நேராகக் கொண்டுபோக வேண்டும். ரிவர்ஸில் எல்லாமே சின்னச் சின்னத் திருத்தம்தான். ஸ்டிக்கை ஒரு இழை நகர்த்தினால் லாரியும் ஒரு இழை கேட்க வேண்டும். ட்ரெய்லர் கோணல் போட்டதும் அதை நேராக்க முன்னே எடுத்து ஒடித்தால், பின்சக்கரங்கள் நேரே தள்ள, முன் டயர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டு வழுவழுத் தரையில் ‘கிறீச்’ என்று சறுக்கி நேராகவே போகின்றன. மறுபடி பின்னால், மறுபடி முன்னால். நேற்று பதினோரு தடவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன், “மாமா, லாரிக்குக் கால் வலிக்குதா?” என்று கேட்டான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாரம் ஏற்றினால் வேறு கூத்து. லீஃப் ஸ்பிரிங் அமுங்கும்போது அச்சு ஒரு வில்லில் நகர்கிறது, சர்வோவிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டிராக் லிங்க் இன்னொரு வில்லில் நகர்கிறது. லாரி தானாகவே ஒரு பக்கம் இழுக்கிறது. டிரான்ஸ்மிட்டரில் சக்கரத்தின் நடுநிலையைக் கொஞ்சம் தள்ளி, ட்ரிம் வைத்து நேராக்கினால், பாரத்தை இறக்கியதும் மறுபக்கம் இழுக்கிறது. இதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன். ஒரு வேளைக்கு ஒரு சண்டை போதும்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். புதிய மாடலில் ஹாரன் சத்தம் எத்தனை வகை! கேபினுக்குள் விளக்கு, குரோம் பூசிய பம்பர், ஓட்டுநர் பொம்மைக்குத் தலை திரும்புகிறதாம். நல்லது. சக்கரம் திரும்பாத லாரியில் ஓட்டுநராவது திரும்பிப் பார்க்கட்டும்.

மன்னிக்கவும், சூடு கொஞ்சம் ஏறிவிட்டது. கேட்பது ஒன்றே ஒன்று. டை ராட் மாட்டும் நக்கிளின் கையை, அந்த ராட் முன் அச்சுக்குப் பின்னால் வரும்படி வைத்து, 12 டிகிரி உள்நோக்கிச் சாய்த்துத் தாருங்கள். கை 20 மி.மீ. நீளம்தான், ஒரு பக்கத்துக்கு 4 மி.மீ. உள்ளே வரும், 120 மி.மீ. டை ராட் 112 ஆகும். அவ்வளவுதான் மாற்றம். இரண்டு பின் அச்சு இருப்பதால் எப்படியும் கொஞ்சம் டயர் தேயும், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

3 மி.மீ. அலுமினியத் தகட்டை அறுத்து, அரம் போட்டு, ஒரு ஜோடி கை நானே செய்து மாட்டினேன். இடது பக்கத் துளை அரை மில்லிமீட்டர் விலகிவிட்டது, ஆட்டமும் இருக்கிறது. அப்படியும் சறுக்கல் சத்தம் நின்றுவிட்டது. என் கை வேலைக்கே இப்படியென்றால் உங்கள் தொழிற்சாலை வார்ப்புக்கு எப்படியிருக்கும்!

திருப்பக் கோணத்தையும் கூட்டித் தந்தால் நன்றி உடையவனாவேன். 25 டிகிரியில் வெளிச்சக்கரம் போடும் வட்டத்தின் விட்டம் ஒன்றரை மீட்டருக்கு மேல்; 40-இல் 1.07 மீட்டர். டயர் ஸ்பிரிங்கில் உரசும் என்றால் 35 கொடுங்கள், பேரம் பேச மாட்டேன். நக்கிளில் மட்டும் பேரம் வேண்டாம்.

சார்ட் காகிதத்தை மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சில் கோடு அழியாமலிருக்க மேலே டேப் ஒட்டியிருக்கிறேன். பார்த்துவிட்டு, தயவுசெய்து இந்த முறை ஒரு வரிக்கு மேல் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூன்று லாரிகளின் சொந்தக்காரன்