செயலாளர் அறிக்கை – 2024

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம்; இந்த முறையும் அவர்கள்தான் கூட.

எங்கள் நிலையத்தின் தைப்பொங்கல், வாணி விழா, இரண்டு சிரமதானம் வழமைபோல் நடந்தன. வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். வாசிகசாலைக்குப் பத்திரிகை வருவது பாக்கி காரணமாக நின்றுவிட்டது.

இனி மாலை வகுப்பு. உயர்தரப் பிள்ளைகள் 31 பேருக்கு மூடில் தளம் அமைத்ததை 'செயலாளரின் விளையாட்டு' என்று சிலர் சொன்னது என் காதுக்கும் வந்தது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். மூடில், இணையத்தில் பாடம் நடத்த 2002 இல் வந்த இலவச மென்பொருள். அது ஓடும் கணினியான சேவரின் வாடகைதான் செலவு. பாடத்தை ஏற்றியதோடு வேலை முடியாது. யார் படித்தார், யார் எட்டியும் பார்க்கவில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்க எங்களிடம் ஆள் இல்லை. அதற்குத்தான் ட்ரிகர்; 'இது நடந்தால் அதைச் செய்' என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் விதி. வினாத்தாளில் 40 புள்ளி எடுத்தால் அடுத்த பாடம் தானாகத் திறக்கும். ஒப்படைக்கு இரண்டு நாள் இருக்கையில் நினைவூட்டல் போகும். ஒரு கிழமை உள்ளே வராத பிள்ளையின் பெயர் ஆசிரியருக்குப் போகும்.

முதல் மூன்று கிழமை ஒன்றும் போகவில்லை. விதிகளில் பிழையில்லை. குரோன் என்று ஒன்று இருக்கிறது. நிமிடத்துக்கொருதரம் சேவரைத் தட்டி, 'செய்ய ஏதும் கிடக்கோ' என்று கேட்பது அதன் வேலை. அதை ஓடவிட நான்தான் மறந்துபோனேன். சரி, ஓடவிட்டால் அடுத்த வில்லங்கம். இரவு 8 மணிக்கென்று போட்ட செய்தி நடுச்சாமம் 1.30 க்குப் போனது. சேவர் இருந்தது கிறீன்விச் நேரத்தில். நாங்கள் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே. பிள்ளைகள் பாவிப்பது தாய்மாரின் போன். அந்த நேரத்தில் போன் சத்தம் போட்டால் வன்னியில் ஒரு தாய் என்ன நினைப்பார்? விடியமுன் ஒரு அம்மா என் படலையில் நின்றார். "தம்பி, ஆருக்கு என்ன?" நேரவலயத்தைக் கொழும்புக்கு மாற்ற எனக்கு இரண்டு நிமிடம் எடுத்தது.

ஆடியில் ஆசிரியருக்குப் போன பட்டியலில் ஒன்பது பெயர். விசாரித்தால், ஆறு பேரிடம் டேட்டா போடக் காசில்லை. அன்றிலிருந்து நிலையத்து வைபையை இரவு 8 மணி வரை திறந்துவிட்டோம். விளையாட்டு என்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நவம்பர் வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையை இடையில் நிறுத்தி, டிசம்பர் 4 தான் திரும்பத் தொடங்கினார்கள். மூடிலுக்கு மழை தெரியாது. 'நாளை பரீட்சை' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சிக்னல் தேடி மாங்குளம் வரை போய்த்தான் அந்த விதியை நிறுத்தினேன்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழ ஒன்றுதான். இடையில் துண்டு விழுந்ததை நான் என் கையால் போட்டேன். எழுதவேண்டாம் என்றும் சொன்னேன், அவர் எழுதிவிட்டார். சந்தா மாதம் 50 ரூபா. 64 அங்கத்தவரில் ஒழுங்காகக் கட்டுவோர் 17 பேர்.

இலவசமாகப் படிப்பித்த ஆசிரியர்களுக்கும் தேநீர் தந்த மாதர் சங்கத்துக்கும் நன்றி.

சேவர் வாடகை பங்குனியோடு முடிகிறது. கடவுச்சொல் என்னிடம் மட்டும் இருப்பது நல்லதல்ல. யாராவது இளம்பிள்ளை பழக வந்தால் சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுப்பேன். சந்தா நிலுவைக்கும் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் ஓடவிடவில்லை. நேரம் மட்டும் பழைய 1.30 தான் போட்டிருக்கிறேன்.